வீட்டுத் தோட்டத்தில் மண் பரிசோதனைக் கருவி: எதை அளக்கிறது, எப்படிப் படிப்பது

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களில் பலரிடம் ஒரு கருவி இருக்கும். உள்ளங்கை அளவுள்ள பச்சைத் தலை, அதில் முள் அசையும் ஒரு முகப்பு, கீழே ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு உலோகக் கம்பிகள். தலையிலுள்ள சிறு கட்டையை இப்படியும் அப்படியும் தள்ளினால் ஈரம், வெளிச்சம், பிஎச் (மண் புளிப்பா காரமா என்று சொல்லும் எண்) ஆகிய மூன்றையும் காட்டும் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பார்கள். பேட்டரி தேவையில்லை, விலையும் சில நூறு ரூபாய்தான். தோட்டக்கலையில் புதிதாக இறங்குபவர் குரோ பேக் எனும் செடிப் பை, விதை, மண்புழு உரம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக வாங்குவது பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது. நானும் அப்படித்தான் வாங்கினேன்.

கோவையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு சித்திரை மாதம் தக்காளிச் செடிகள் நண்பகலில் தலை தொங்கி நின்றன. கம்பியைக் குத்திப் பார்த்தேன். முள் ‘ஈரம்’ என்ற நீலப் பகுதியின் கடைசிவரை போய் நின்றது. மண்ணில் இவ்வளவு ஈரம் இருக்கும்போது செடி வாடுகிறது என்றால் வேர் அழுகலாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்து, தண்ணீரைப் பாதியாகக் குறைத்தேன். நான்கே நாளில் கீழ் இலைகளின் ஓரம் தீய்ந்தது. ஒரு வாரத்தில் இரண்டு செடிகள் போய்விட்டன. பையைக் கவிழ்த்து உடைத்துப் பார்த்தபோது வேர் அழுகியிருக்கவில்லை. மண் உள்ளங்கையில் உதிரும் அளவுக்குக் காய்ந்திருந்தது. பையின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

கருவி பழுதில்லை. அது எதை அளக்கிறது என்பது எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

இரண்டு கம்பிகளுக்கு இடையில் நடப்பது

பள்ளியில் எலுமிச்சம்பழத்தில் ஒரு செம்புக் கம்பியையும் ஒரு துத்தநாகம் பூசிய ஆணியையும் குத்தி மின்சாரம் எடுத்துக் காட்டியிருப்பார்கள். பேட்டரி இல்லாத மண் மீட்டரும் அதே பழம்தான்; பழத்தின் இடத்தில் மண் இருக்கிறது, அவ்வளவே. கருவியின் இரு கம்பிகளும் வெவ்வேறு உலோகத்தால் ஆனவை: ஒன்று செம்பு சார்ந்தது, மற்றொன்று துத்தநாகமோ அலுமினியமோ சார்ந்தது. இரண்டுக்கும் இடையில் ஈரமான மண் வந்தவுடன் அது ஒரு சிறு மின்கலம் ஆகிவிடுகிறது. அதில் பிறக்கும் மிகச் சிறிய மின்னோட்டம் முகப்பிலுள்ள முள்ளைத் தள்ளுகிறது. ஓட்டம் கூடினால் ‘ஈரம்’, குறைந்தால் ‘வறட்சி’ என்று கீழே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் மின்னோட்டத்தைச் சுமந்து செல்வது தண்ணீர் மட்டும் அன்று. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளே அந்த வேலையின் பெரும்பங்கைச் செய்கின்றன. ஆகவே உப்பு மிகுந்த, அரைகுறை ஈரமுள்ள மண்ணும், உப்புக் குறைந்த, நன்றாக நனைந்த மண்ணும் இந்தக் கருவியின் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியக்கூடும். போதாததற்கு, மண் இறுக்கமாக இருந்தால் கம்பியுடன் நன்றாக ஒட்டுவதால் முள் ஏறும். தென்னை நார்க்கழிவு நிறைந்த பொலபொலப்பான கலவையில் கம்பியைச் சுற்றிக் காற்று நிற்பதால் முள் இறங்கும்.

இதை நம்பச் சிரமமாக இருந்தால் மூன்று டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வண்டி பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர். இரண்டாவதில் குழாயில் வரும் நல்ல தண்ணீர். மூன்றாவதில் போர்வெல் உப்புத் தண்ணீர். கோவையில் பல வீடுகளில் இரண்டு குழாய் உண்டு என்பதால் எனக்கு இது எளிதாயிற்று: ஒன்றில் சிறுவாணி, மற்றொன்றில் போர். கருவியை ஈரம் பார்க்கும் நிலையில் வைத்து ஒவ்வொன்றிலும் கம்பியை அமிழ்த்தினேன். வாலைவடிநீரில் முள் ‘வறட்சி’யைவிட்டு எழுந்திருக்கவே இல்லை; தண்ணீருக்குள் நின்றுகொண்டே காய்ந்திருக்கிறது என்றது. சிறுவாணித் தண்ணீரில் நடுவுக்குச் சற்றுக் கீழே நின்றது. போர்த் தண்ணீரில் கடைசிவரை ஓடியது. வாலைவடிநீர் டம்ளரில் ஒரு சிட்டிகைக் கல்லுப்பைப் போட்டுக் கலக்கியதும் அங்கேயும் கடைசிவரை ஓடியது. என் தக்காளிப் பையில் நடந்ததும் இதுவே.

பிஎச் பக்கம் தள்ளும்போதும் உள்ளே புதிதாக ஒன்றும் விழித்துக்கொள்வதில்லை. அதே கம்பிகள், அதே மின்னோட்டம். முகப்பில் படிக்கும் கோடு மட்டும் வேறு. என் கருவி எந்தப் பையில் குத்தினாலும் 7ஐ ஒட்டியே நின்றது. எண் 7 என்றதும் நமக்கும் மகிழ்ச்சி, கேள்வி கேட்க மாட்டோம். நான்காவதாக ‘சத்து’ என்று ஒரு கோடு போட்ட மாதிரிகளும் உண்டு. அதுவும் உப்பின் அளவையே வேறு பெயரில் சொல்கிறது. வெளிச்சத்துக்குத் தனியாக ஓர் ஒளிமின்கலம் இருப்பதால் அது ஓரளவு வேலை செய்யும். ஆனால் வெயில் விழுகிறதா என்று பார்க்க மாடிக்கு ஏறியவருக்குக் கருவி எதற்கு?

ஈரத்தைப் பொறுத்தவரை விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்ப்பதும், பையின் ஓரத்தைச் சற்றே தூக்கி அதன் கனத்தைக் கை பழகிக்கொள்வதும் இந்தக் கருவியைவிட நம்பத் தகுந்தவை. அப்படியும் கருவியைப் பயன்படுத்த விரும்புகிறவர், ஒரே பையில், ஒரே ஆழத்தில், நன்றாகத் தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு ஒரு முறையும், செடி இலேசாக வாடத் தொடங்கும் நேரத்தில் ஒரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இரு குறிகளே அந்தப் பைக்கான அளவுகோல். முகப்பில் அச்சிட்டுள்ள நிறங்கள் அல்ல. அளந்து முடித்தவுடன் கம்பியைத் துடைத்து வைப்பது நல்லது. மண்ணிலேயே குத்தி விட்டுவைத்தால் மின்கலம் ஓயாமல் ஓடி உலோகத்தை அரித்துவிடும்.

பிஎச் என்பது

ஒரு நீர்க்கரைசலில் ஹைட்ரஜன் அயனிகள் எவ்வளவு இருக்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லும் எண் பிஎச். 1909இல் கோபன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணிபுரிந்த சோரன்சன் என்ற வேதியியலாளர் இந்த அளவுமுறையை வகுத்தார். அந்த ஆய்வகம் ஒரு மது ஆலையைச் சேர்ந்தது. பின்னர் 1934இல் அமெரிக்காவில் ஆர்னால்டு பெக்மேன் மின்னணு முறையில் இதை அளக்கும் கருவியைச் செய்தது, எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வேண்டியிருந்ததால். மண்ணுக்கு இந்த எண் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

அளவுகோல் 0 முதல் 14 வரை. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நம் சமையலறையிலேயே பார்த்தால், எலுமிச்சைச் சாறு 2ஐ ஒட்டியது, புளித்த மோர் 4க்குச் சற்று மேல், பால் 6.5ஐ ஒட்டியது, சமையல் சோடாக் கரைசல் 8க்குச் சற்று மேல், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் தெளிநீர் 12ஐத் தாண்டியது. இதில் கவனிக்க வேண்டியது, ஒரு படி என்பது பத்து மடங்கு. பிஎச் 8 உள்ள மண் 7 உள்ள மண்ணைவிடப் பத்து மடங்கும், 6 உள்ள மண்ணைவிட நூறு மடங்கும் ஹைட்ரஜன் அயனி குறைந்தது. ஆகவே 7.5க்கும் 8.2க்கும் உள்ள இடைவெளி பார்ப்பதற்குச் சிறிதாக இருந்தாலும் செடிக்குச் சிறிதன்று.

செடிக்கு ஏன் இது முக்கியம் என்றால், மண்ணில் ஒரு சத்து இருப்பது வேறு, அது வேர் உறிஞ்சும் வடிவில் கரைந்து கிடைப்பது வேறு. காரம் ஏறஏற இரும்பும் துத்தநாகமும் மாங்கனீசும் கரையாத வடிவுக்கு மாறிவிடுகின்றன. மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது. அமிலம் மிகுந்தால் அதே மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன. காய்கறிகளில் பெரும்பாலானவை 6.0க்கும் 7.5க்கும் இடையில் நன்றாக வருகின்றன. கறிவேப்பிலையிலும் ரோஜாவிலும் புதிதாக வரும் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அது பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாததால் அன்று, இருந்தும் கிடைக்காததால். பழைய இலை முதலில் மஞ்சளாவது வேறு கதை. அது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவு.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். மண்ணுக்குச் சுண்ணாம்பு போடுங்கள், அடுப்புச் சாம்பல் தூவுங்கள், முட்டை ஓட்டைப் பொடித்துக் கலக்குங்கள் என்ற ஆலோசனைகளில் பல, மழை மிகுந்து மண் புளித்துப்போகும் நாடுகளிலிருந்து வந்தவை. நீலகிரியில் தேயிலை 4.5 முதல் 5.5 வரையுள்ள அமில மண்ணில் வளர்கிறது. அங்கே காய்கறி போடுபவர் சுண்ணாம்பு இடுவதில் பொருள் உண்டு. மலையைவிட்டு இறங்கினால் நம் சமவெளி மண் பெரும்பாலும் நடுநிலையிலோ காரப் பக்கத்திலோ இருக்கிறது. அதன்மேல் போர்த் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் நாள்தோறும் காரத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. இந்த மண்ணில் அளந்து பார்க்காமல் சாம்பலைக் கொட்டுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

எண்ணை எடுக்கும் முறை

நம்பத் தகுந்த பிஎச் வேண்டுமானால், முனையில் கண்ணாடிக் குமிழ் உள்ள பேனா வடிவ மீட்டர் தேவை. இதை மண்ணில் குத்தக் கூடாது. ஒரு சிறு கல் பட்டால் குமிழ் உடைந்துவிடும். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலில்தான் அளக்க வேண்டும்.

முதலில் மண்ணை எடுப்பதைப் பற்றி. மேலே கிடக்கும் சருகையும் உரத்தையும் ஒதுக்கிவிட்டு, வேர் ஓடும் ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும். வயலில் காய்கறிப் பயிருக்கு ‘வி’ வடிவில் வெட்டி, 22 செ.மீ. ஆழம் வரை ஒரே கனத்தில் சீவி எடுக்கச் சொல்வார்கள். வீட்டுப் பாத்திக்கும் அது பொருந்தும். குரோ பேக்கில் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் மூன்று நான்கு இடங்களில் பாதி ஆழத்திலிருந்து எடுத்தால் போதும். உரம் போட்ட வாரத்தில் எடுத்தால் உரத்தைத்தான் அளப்போம். எடுத்ததை ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, கட்டியை உடைத்து, ரவை சலிப்பதைவிடச் சற்றுப் பெரிய கண்ணுள்ள சல்லடையில் சலித்துக்கொள்ள வேண்டும்.

அதில் 20 கிராம் எடுத்து, 50 மி.லி. வாலைவடிநீர் ஊற்றுங்கள். மண் ஒரு பங்கு, நீர் இரண்டரைப் பங்கு என்ற இந்த விகிதமே நம் நாட்டு மண் ஆய்வகங்களில் வழக்கமானது. அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கிவிட்டு, கலங்கலாக இருக்கும்போதே பிஎச் பேனாவை வைத்து, எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை பொறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கரைசலைத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரில் உப்பின் நிலையை அளக்கலாம். தென்னை நார்க்கழிவு மிகுந்த கலவை எடையில் இலேசானது. 20 கிராமே ஒரு கிண்ணம் வரும், 50 மி.லி. நீரை அது அப்படியே குடித்துவிடும். அதற்கு ஒரு கிண்ணம் கலவைக்கு இரண்டு கிண்ணம் நீர் என்று பரும அளவில் எடுத்துக்கொள்ளலாம். எந்த விகிதமானாலும் ஒவ்வொரு முறையும் அதையே கடைப்பிடிப்பதும், எண்ணுக்குப் பக்கத்தில் விகிதத்தையும் எழுதி வைப்பதும் முக்கியம். ஒரே மண்ணை வேறு விகிதத்தில் கரைத்தால் உப்பின் எண் அடியோடு மாறிவிடும். ஒருவர் சொன்ன எண்ணையும் மற்றவர் சொன்ன எண்ணையும் வைத்துக் குழம்புவதில் பாதி இதனால் வருவதே.

பேனாவுக்கு அளவு சரிபார்த்தல் இன்றியமையாதது. பிஎச் 4.01, 6.86, 9.18 என்று மூன்று பொட்டலங்களில் தூள் வரும். ஒவ்வொன்றையும் பொட்டலத்தில் சொன்ன அளவு வாலைவடிநீரில் கரைத்து, பேனாவை அதில் வைத்து எண்ணைச் சரிசெய்ய வேண்டும். நம் சமவெளி மண்ணுக்கு 6.86, 9.18 ஆகிய இரண்டுமே தேவையானவை, ஏனெனில் நாம் அளக்கப்போகும் எண் அந்த இரண்டுக்கும் இடையில்தான் விழும். பலர் 6.86இல் மட்டும் சரிபார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு முனையைமட்டும் கட்டிய பந்தல் போல மறுமுனை எங்கே வேண்டுமானாலும் சாயும். வேலை முடிந்ததும் குமிழை வாலைவடிநீரில் அலசி, மூடிக்குள் சில துளி பொட்டாசியம் குளோரைடு சேமிப்புக் கரைசல் விட்டு மூடி வைக்க வேண்டும். காயவிட்டாலும் கெடும், வாலைவடிநீரிலேயே ஊறவிட்டாலும் கெடும். எவ்வளவு பேணினாலும் ஓரிரு ஆண்டுகளில் குமிழ் மந்தமாகிவிடுகிறது என்பதையும் வாங்கும்போதே கணக்கில் கொள்ளுங்கள்.

பேனா வாங்க மனமில்லாதவர்க்கு வீட்டிலேயே ஒரு குறி உண்டு. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதல்லவா? மஞ்சள், காரத்தைக் கண்டால் நிறம் மாறும் பொருள். வெள்ளைத் தாளை மஞ்சள் கரைசலில் தோய்த்து உலர்த்தி, தெளிந்த மண் கரைசலை அதில் ஒரு சொட்டு விட்டால், பிஎச் 8.5ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும்போது சொட்டு விழுந்த இடம் சிவக்கத் தொடங்கும். சிவந்தால் மண் களராகிக்கொண்டிருக்கிறது, அதாவது காரம் மிகுந்து கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அறியலாம். சிவக்காவிட்டால் மண் நன்றாக இருக்கிறது என்று அதற்குப் பொருளன்று, 8.2 என்ற எண்ணை மஞ்சள் காட்டிக்கொடுக்காது.

எண் கிடைத்த பிறகு

என் வீட்டுக் கறிவேப்பிலை நின்ற மண்ணின் பிஎச் 8.1. கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவது நம்மிடையே பழக்கம். மூன்று வாரம் தவறாமல் ஊற்றி, மறுபடி அளந்தேன். 8.0 வந்தது. பேனாவின் பிழையே 0.1 என்பதால், ஒன்றும் நடக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். மோரால் தீங்கில்லை, செடிக்குச் சிறிது சத்தும் சேரும். ஆனால் மண்ணின் எண்ணை அசைக்கும் வலு அதற்கு இல்லை.

ஏன் இல்லை என்பதை ஒரு கரண்டி மண்ணும் சிறிது வினிகரும் காட்டிவிடும். உலர்ந்த மண்ணின்மேல் வினிகரை ஊற்றியவுடன் நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்புத்துகள் கலந்திருக்கிறது. கோவைப் பகுதியில் செம்மண், கரிசல் இரண்டிலுமே சுண்ணாம்பு கலந்த வகைகள் உண்டு. இத்தகைய மண்ணில் எந்த அமிலத்தை ஊற்றினாலும் அதைச் சுண்ணாம்பு தின்றுவிடும். சுண்ணாம்பு தீரும்வரை பிஎச் இறங்காது. 10 கிலோ மண்ணில் 5 விழுக்காடு சுண்ணாம்பு இருந்தால் அது 500 கிராம். அதைத் தீர்க்க, வேதியியல் கணக்குப்படி 160 கிராம் கந்தகம் வேண்டும். ஒரு பைக்கு 160 கிராம் கந்தகத்தைக் கொட்டினால் செடி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நுரைக்கும் மண்ணில் பிஎச்சைக் குறைக்கும் முயற்சியைக் கைவிட்டு, இரும்பை இலைவழியே கொடுப்பதே என் பரிந்துரை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் தெளித்தால், அடுத்து வரும் துளிர் பச்சையாக வரும். நுரைக்காத மண்ணில் தொழுவுரமும் இலைமட்கும் தொடர்ந்து சேர்த்துவந்தால் எண் மெல்ல நடுநிலை நோக்கி வரும். ஒரு மாதத்தில் வராது, ஓரிரு ஆண்டு ஆகும்.

உப்பின் நிலை: மாடித்தோட்டத்தில் பலரும் பார்க்காத எண்

என்னிடம் கேட்டால், மாடித்தோட்டக்காரர் ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், பிஎச் பேனாவைவிட இசி பேனாவை வாங்கச் சொல்வேன். இசி என்பது மின்கடத்து திறன். நீரில் கரைந்துள்ள உப்பு கூடக்கூட அது ஏறும். மண் ஆய்வறிக்கையில் ‘உப்பின் நிலை’ என்று வருவது இதுதான். த்ரீ-இன்-ஒன் மீட்டர் ஈரம் என்ற பெயரில் தெரியாமல் அளந்ததை, இந்தப் பேனா தெரிந்தே அளக்கிறது. கண்ணாடிக் குமிழ் இல்லாததால் உடையும் பயமும் குறைவு. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி பொருத்த வருபவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டும் டிடிஎஸ் மீட்டரும் இதே கருவிதான்; ஆனால் அது மின்கடத்து திறனை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிப் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) ஆக்கிக் காட்டுகிறது. அந்தப் பெருக்கெண் சில கருவிகளில் 500, சிலவற்றில் 640, சிலவற்றில் 700. ஒரே தண்ணீருக்கு மூன்று விடை வருவது இதனால்தான். இசி எண்ணையே காட்டும் கருவியாகப் பார்த்து வாங்குவது நல்லது.

எங்கள் போர்த் தண்ணீரின் இசி 2.0 (அலகு mS/cm; இனி வரும் இசி எண்கள் எல்லாம் இந்த அலகிலேயே). 640 என்ற பெருக்கெண்படி ஒரு லிட்டரில் ஏறத்தாழ 1.28 கிராம் உப்பு இருப்பதாகக் கொள்ளலாம். கோடையில் ஒரு பைக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் ஊற்றினால் ஒரு மாதத்தில் 38 கிராம் உப்பு உள்ளே போகிறது. அதாவது இரண்டு மேசைக்கரண்டிக்கும் சற்று மேல். செடி தண்ணீரை உறிஞ்சிவிடும், வெயில் மிச்சத்தை ஆவியாக்கிவிடும். உப்பு மட்டும் போக்கிடம் இல்லாமல் பையிலேயே தங்கும். மாடி ஈரமாகக் கூடாது என்று அடியில் வடியாதபடி அளந்து ஊற்றுகிறவர்கள் வீட்டில்தான் இந்தச் சேர்மானம் விரைவாக நடக்கும். நிலத்தில் இருக்கும் செடிக்கு மழை வந்து உப்பைக் கீழே இறக்கிவிடும். கூரைக்குக் கீழோ நிழல்வலைக்குக் கீழோ வைத்த பைக்கு அந்த வழியும் குறைவு. மண்ணில் உப்பு மிகுந்தால், தண்ணீர் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. செடி வாடுவது வறட்சியில் வாடுவது போலவே இருக்கும்.

பையில் எவ்வளவு உப்பு என்பதை அறிய, கலவையைக் கலைக்காமலே ஒரு வழி இருக்கிறது. பைக்கு வழக்கம்போல் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் வடியவிட்டு, பிறகு ஒரு டம்ளர் வாலைவடிநீரை மெதுவாக மேலே சுற்றி ஊற்றுங்கள். அப்போது அடியில் சொட்டுவதை ஒரு தட்டில் பிடித்து அளந்தால், வேரைச் சுற்றியுள்ள நீரின் உப்பு தெரியும். இந்த வடிநீர் எண் 2.5க்குள் இருந்தால் பெரும்பாலான காய்கறிகளுக்குக் கவலையில்லை. 4ஐத் தாண்டினால் கழுவ வேண்டிய நேரம். பீன்ஸ், கேரட், வெங்காயம், முள்ளங்கி ஆகியவை உப்பை முதலில் உணர்பவை. தக்காளி சற்றுத் தாங்கும். பீட்ரூட் இன்னும் தாங்கும். மேலே சொன்ன ஒன்றுக்கு இரண்டரைக் கரைசலில் அளந்தால் எல்லைகள் வேறு: 1 வரை தீங்கில்லை, அதற்கு மேல் முளைக்கும் விதைக்குத் தொல்லை, 3ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்குத் தொல்லை.

தென்னை நார்க்கழிவுக் கட்டிகளையும் இதே பேனாவால் ஒரு முறை பாருங்கள். பொள்ளாச்சிப் பக்கம் விற்பனையாளர்களே இதை ‘லோ இசி’, ‘ஹை இசி’ என்று பிரித்துச் சொல்வார்கள். முன்னது கழுவியது, பின்னது கழுவாதது. விலையில் வேறுபாடு இருக்கும். ஹை இசி கட்டியை வாங்கிவிட்டால், ஊறவைத்துப் பிழிந்த நீரின் எண் 0.5க்குக் கீழே வரும்வரை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு விதை போடலாம்.

சத்துக்கு ஆய்வகம்

தழை, மணி, சாம்பல் (பொட்டாசியம்) சத்துகளை நேரடியாகக் காட்டுவதாகச் சொல்லி மூன்று நான்கு கம்பிகளுடன் மின்னணுக் கருவிகள் விற்கின்றன. அவற்றில் மலிவானவை மின்கடத்து திறனை அளந்து, அதிலிருந்து ஒரு கணக்குப் போட்டு மூன்று எண்களாகப் பிரித்துக் காட்டுபவை. கல்லுப்பு போட்டாலும் தழைச்சத்து ஏறும். இதற்குச் செலவிடும் பணத்தை மண்புழு உரத்துக்குச் செலவிடலாம்.

உண்மையான எண் வேண்டுமென்றால் அரை கிலோ மண்ணைத் துணிப்பையில் கட்டி, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோகலாம். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பிஎச், உப்பின் நிலை, கரிமச் சத்து, தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என்று 12 குறிகள் பார்க்கப்படுகின்றன. அறிக்கையைப் படிக்கும்போது வீட்டுத் தோட்டக்காரர் இரண்டு இடங்களில் தடுக்கி விழுவார். ஒன்று, பிஎச் 6.0 முதல் 8.5 வரை ‘இயல்பு’ என்றே போட்டிருக்கும், 8.2 உள்ள மண்ணில் கறிவேப்பிலை மஞ்சளாக நின்றாலும் அட்டையில் அது இயல்புதான். மற்றொன்று, எண்கள் எக்டேருக்குக் கிலோவில் இருக்கும். ஓர் எக்டேர் நிலத்தில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை ஏறத்தாழ 22.4 லட்சம் கிலோ என்று கொள்வது வழக்கம். அதன்படி எக்டேருக்கு 280 கிலோ தழைச்சத்து என்ற எல்லை, ஒரு கிலோ மண்ணுக்கு 125 மில்லிகிராம் ஆகிறது. 10 கிலோ பைக்கு ஒன்றேகால் கிராம். இப்படி இறக்கிப் பார்த்தால்தான் ஒரு பைக்கு எவ்வளவு சிறிய அளவு போதும் என்பதும், ‘இரண்டு கைப்பிடி யூரியா’ என்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பதும் விளங்கும்.

அந்தத் தக்காளிப் பைகளுக்கு வருகிறேன். புரட்டாசிக் கடைசியில் மிஞ்சிய ஒரு பையின் வடிநீர் எண் 5.2 இருந்தது. நிழல்வலையை நகர்த்தி, பையைச் செங்கல்மேல் ஏற்றி அடித்துளை அடையாதபடி வைத்து, ஐப்பசி மழையில் விட்டுவிட்டேன். கார்த்திகை பிறந்ததும் அளந்தபோது 1.1. அதே பையில் நட்ட வெண்டை பொங்கலுக்குக் காய்த்தது. இப்போது வாரம் ஒரு நாளாவது அடியில் நன்றாக வடியும்படி சிறுவாணித் தண்ணீர் ஊற்றுகிறேன். மாதம் ஒரு முறை வடிநீரை அளந்து நோட்டில் எழுதுகிறேன். பச்சைத் தலை மீட்டரையும் தூக்கிப் போடவில்லை. அது நாற்றுத் தட்டின் பக்கத்தில் கிடக்கிறது. அந்தத் தட்டுகளில் எப்போதும் ஒரே கலவை, ஒரே சிறுவாணித் தண்ணீர் என்பதால், அங்கே அதன் முள் ஓரளவு உண்மை பேசுகிறது.